வெட்கம் என்னும் சோதனை

கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் அரசாங்க உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்த காலம் ஒன்றுண்டு. சம்பளநாள் மாலையில் தோழர்கள் நீட்டும் குவளையை வேண்டாமென்று தள்ளும் தொழிலாளிக்கு அக்காலத்தில் இருவகை இடர்கள் நேர்ந்தன. ஒன்று, கள்ளின்மேல் அவன் நாவுக்கே உள்ள ஆசை. மற்றொன்று, தோழர்களின் சிரிப்பு. ‘பெரிய சாமியார் வந்துவிட்டார், வழிவிடுங்கள்!’ என்று ஒருவன் சொல்ல, நால்வர் நகைத்துவிட்டால் போதும். ஆசையை வென்ற மனிதன் அந்த நகைப்புக்குத் தோற்றுக் குவளையை வாங்கிக்கொள்வான். அத்தோட்டங்களுட் பல இன்று வீட்டுமனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயத்து மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பண்டமாரானிலும் அதனைச் சூழ்ந்த தாமான்களிலும் குடியேறிவிட்டனர். குவளைக்குப் பதிலாக வேறு பொருள்கள் வந்துள்ளன. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பே.

மனிதனை வழிதவறச் செய்வதில் ஆசை வலியதா, வெட்கம் வலியதா? இவ்வினாவைக் கிறிஸ்தவ சமய நூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளன. தமிழிலும் இதற்கு ஒரு பெரிய இலக்கியச் சான்று உண்டு. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ அது. அந்நூலின் ஓரிடத்தையும், அதற்கு மூலமான ஆங்கில நூலையும், அவற்றை எழுதிய இருவர் வாழ்வையும் சேர்த்து நோக்கினால் இப்பொருள் நன்கு விளங்கும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ் விவிலியத்தில் ‘சோதனை’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. பொன்னை உரைத்துப் பார்ப்பது போல ஒருவனது உறுதியைப் பரீட்சிப்பதும் சோதனை. தீமையின்பால் அவனை இழுப்பதும் சோதனை. இஃது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. மூலமாகிய கிரேக்கத்திலும் ‘பெயிராஸ்மோஸ்’ என்னும் ஒரே சொல்தான் இரண்டுக்கும் நிற்கிறது. யாக்கோபு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் சோதனையைச் சகிக்கிறவன் பாக்கியவான் எனப்படுகிறான். அடுத்த வசனங்களிலேயே, தேவன் ஒருவரையும் தீமைக்கென்று சோதிப்பதில்லை, அவனவன் தன் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகிறான் என்ற விளக்கம் வருகிறது. ஒரே நிகழ்ச்சி, உறுதியாய் நிற்பவனுக்குப் பரீட்சையாகவும் இழுபட்டவனுக்கு வலையாகவும் ஆகிறது. குவளை ஒன்றே, அதைப் பிடிக்கும் கைதான் வேறு.

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் இதனைக் கதையாகச் சொல்கிறது. அங்கே விலக்கப்பட்ட கனி கண்ணுக்கு இனியது, நாவுக்கு நல்லது என்பதோடு நின்றுவிடவில்லை; அறிவைத் தருவது என்றும் ஏவாளுக்குத் தோன்றியது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சோதனை மூடத்தனத்தின் உருவில் வருவது அருமை. பெரும்பாலும் அஃது அறிவின் உருவிலேயே, ‘கொஞ்சம் புத்தியோடு பிழைக்கக் கற்றுக்கொள்’ என்ற நல்லுரையாகவே வருகிறது. கனியை உண்டபின் அவ்விருவருக்கும் கிடைத்த முதல் அறிவு தாம் நிர்வாணிகள் என்பது. அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டார்கள், மரங்களினிடையே ஒளிந்துகொண்டார்கள். வெட்கம் பிறந்தவுடன் செய்த வேலை மறைத்தலும் ஒளிதலும் என்று அக்கதை கூறுகிறது.

ஆயினும் வெட்கம் எல்லாம் தீயதன்று. தமிழர் இதனை நன்கறிந்தவர்கள். திருக்குறளில் நாணுடைமைக்கென்றே 102ஆம் அதிகாரம் வகுக்கப்பட்டுள்ளது. அதன் முதற்குறளிலேயே, இழிந்த செயலுக்கு அஞ்சிப் பின்வாங்கும் நாணம் வேறு, பெண்டிர்க்குரியதாகச் சொல்லப்படும் நாணம் வேறு எனப் பிரித்துக் காட்டுகிறார் வள்ளுவர். தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுகிறவரையே நாணுக்கு உறைவிடம் என்று அவர் போற்றுகிறார். ஆக, நாண் என்பது செயலை நோக்கியது. செய்யத்தகாததைச் செய்யாதபடி தடுப்பது. பேச்சுவழக்கில் நாம் வெட்கம், கூச்சம் என்று சொல்வதோ பெரும்பாலும் பார்ப்பவர் முகத்தை நோக்கியது. செய்யத்தக்கதையும் செய்யவிடாமல் அது தடுக்கும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதில்தான் இடர் தொடங்குகிறது.

ஆங்கில மூலத்தை எழுதிய ஜான் பனியன் இவ்விரண்டையும் தம் வாழ்விலேயே கண்டவர். அவர் 1628இல் பெட்போர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஓட்டையடைப்பது அவர் தந்தையின் தொழில். மகனுக்கும் அதுவே தொழிலாயிற்று. இளமையில் அவர் வாயில் வசைமொழி ஓயாது. ஒருநாள் அண்டைவீட்டாரின் கடைச் சன்னலருகே நின்று அவர் அவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது அவ்வீட்டுப் பெண் அவரைக் கடிந்துகொண்டாள். அவளோ ஊரில் நற்பெயர் இல்லாதவள். அப்படிப்பட்டவளே தன் பேச்சைக் கேட்டு நடுங்குகிறாளே என்று பனியன் தலைகவிழ்ந்தார். வசைமொழி அன்றே அவரை விட்டு நீங்கியது. 1666இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இதனை அவரே எழுதியுள்ளார். வள்ளுவர் கூறும் நாண் இதுவே எனலாம். கண்டித்தவள் யார் என்று பாராமல், கண்டிக்கப்பட்ட செயலை மட்டும் அவர் பார்த்தார்.

1660இல், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்று பனியன் சிறையிலடைக்கப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்தால் அவர் வெளியே வந்திருக்கலாம். வீட்டில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தனர். மூத்தவள் மேரி பிறவிக் குருடு. சிறையிலிருந்தபடியே காலணிக் கயிறுகளுக்கு நுனி கட்டி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். ‘பெண்டாட்டி பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு என்ன பக்தி?’ என்று உலகம் கேட்டிருக்கும். அவர் மனமே அவ்வாறு கேட்டது. அக்குருட்டுப் பெண்ணை நினைக்கும்போது தமக்குண்டான வேதனையை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. 1678இல் வெளிவந்த அவருடைய யாத்திரைக் கதை பின்னர் உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது; தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் உரைநடையாகவும் வழங்கிவருகிறது.

அக்கதையில் ‘பற்றுறுதி’ என்று பொருள்படும் பெயருடைய யாத்திரிகன் ஒருவன் வருகிறான். கிருஷ்ண பிள்ளை அவனுக்கு ‘நிதானி’ என்று பெயரிட்டார். அவன் தான் வழியிற் கண்டவர்களைப் பற்றித் தன் தோழனுக்குச் சொல்லிக்கொண்டு போகிறான். காமக்கிழத்தி ஒருத்தி அவனை மயக்க முயன்றாள்; தப்பினான். முதியவன் ஒருவன் தன் பெண்களை மணம் முடித்துத் தருவதாகவும், தன்னிடத்திலேயே வேலைக்கு அமரலாம் என்றும் அழைத்தான், அவனிடமும் தப்பினான். இவர்களையெல்லாம் விட அவனை அதிகம் வருத்தியவன் தாழ்மையின் பள்ளத்தாக்கில் எதிர்ப்பட்டவனே. அவன் பெயர் வெட்கம்.

இங்கே பனியன் ஒரு நுட்பம் செய்கிறார். வழியிற் கண்ட எல்லாருள்ளும் பெயர் பொருந்தாதவன் இவனே என்று யாத்திரிகன் வாயால் சொல்லவைக்கிறார். மற்றவர்களை மறுத்துப் பேசினால் விலகிப் போய்விட்டார்கள். வெட்கம் என்னும் இவனோ விரட்ட விரட்டத் தோள்மேல் வந்து சாய்ந்துகொண்டு காதோடு பேசுகிறான். வெட்கத்துக்கே வெட்கம் இல்லை! ஆசிரியர் நகைச்சுவைக்காக மட்டும் இதனை எழுதவில்லை என்பது அவன் பேச்சைக் கேட்டால் தெரியும்.

அவன் பேச்சு மிக்க நாகரிகமானது. சமயம், பக்தி என்பதெல்லாம் ஆண்மையற்றவர்களுக்கு உரியது. மென்மையான மனச்சாட்சி ஒரு பலவீனம். வல்லவரும் செல்வரும் கற்றவரும் எத்தனைபேர் இவ்வழியில் வந்தார்கள், எண்ணிப்பார். வந்திருப்பவர்கள் யார்? ஏழைகள், எளியவர்கள், உலக அறிவு இல்லாதவர்கள். பிரசங்கத்தைக் கேட்டுக் கண்ணீர்விடுவது வெட்கம்; சிறு பிழைக்காக அயலானிடம் சென்று மன்னிப்புக் கேட்பது வெட்கம்; எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது வெட்கம். இவ்வாறு அடுக்கிக்கொண்டே போகிறான். இவற்றுள் ஒன்றேனும் பாவம் செய் என்று ஏவவில்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும். நல்லதைச் செய்யாதே என்றுகூட அவன் நேராகச் சொல்லவில்லை. செய்தால் உன்னை யார் மதிப்பார் என்றுதான் கேட்கிறான். யாத்திரிகன் முதலில் விடை காணாமல் திகைக்கிறான், முகம் சிவக்கிறது, ஏறத்தாழத் தோற்கும் நிலை. பின்னர் அவனுக்கு ஒரு நினைவு வருகிறது. மனிதர் பெரிதென மதிப்பது தேவன் முன் அருவருப்பாயிருக்கக்கூடும். இறுதித் தீர்ப்பு ஊராரிடத்தில் இல்லை. ஆகவே உலகமெல்லாம் எதிர்த்து நின்றாலும் தேவன் சொல்வதே சிறந்தது. அந்த ஒரு முடிவினால்தான் அவன் வெட்கத்தை உதறுகிறான். வெட்கம் வைத்த வாதங்களுக்கு அவன் ஒவ்வொன்றாக விடை சொல்லி வென்றான் என்பதற்கில்லை. அளவுகோலையே மாற்றிவிட்டான்.

கிருஷ்ண பிள்ளை இப்பகுதியைப் பாடுவதற்கு முன் இதனை வாழ்ந்திருந்தார். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே கம்பனில் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரத்து மிஷனரிக் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். கிறிஸ்தவரிடம் சம்பளம் பெற்றாலும் திருமண்ணும் ஆசாரமும் உடையவராகவே அங்கே வாழ்ந்தார். நாளடைவில் மனம் அசைந்தது. அவருக்கு முன்னரே தம்பி முத்தையா பிள்ளை கிறிஸ்தவரானார். தமையனோ தயங்கினார்.

தயக்கத்தின் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அக்காலத் திருநெல்வேலித் திருச்சபையிற் பெரும்பாலோர் சாதியடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த குடியினர். வேளாளப் புலவர் ஒருவர் அவர்களோடு ஒரே பந்தியில் அமர்வதாவது! ‘இவ்வழியில் வந்திருப்பவர்கள் யார், எண்ணிப்பார்’ என்று பனியனின் வெட்கம் கேட்ட கேள்வி, இங்கே சாதியின் குரலில் கேட்கப்பட்டது. உறவினர் முகம், தாயின் கண்ணீர், ஊரார் வாய் ஆகியவை வேறு. ஆசையை வெல்லத் தெரிந்த மனிதனையும் இவை கட்டிப்போடும். கடைசியில் 1858இல், சொந்த ஊரில் அன்று, சென்னையில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்கள் சேர்ந்தன. ஊரைவிட்டுத் தொலைவில் நடந்தது ஊர் வாய்க்கு அஞ்சியோ என்று இன்று படிப்பவர்க்கு எண்ணத் தோன்றும். அவ்வாறே இருந்தாலும் அதனால் அவர் மதிப்புக் குறைவதில்லை. முப்பது ஆண்டுகள் ஒருவரைச் சுமந்த சமூகம் ஒரே நாளில் தோளிலிருந்து இறங்கிவிடுமா?

அவர் அதன்பின் செய்ததுதான் நம் கவனத்துக்குரியது. தாம் விட்டுவந்த மரபின் தமிழை அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. கம்பனிடம் கற்ற விருத்த நடையையே கையாண்டு, 3,600க்கு மேற்பட்ட பாடல்களில் யாத்திரிகன் கதையைப் பாடினார். பல ஆண்டுகள் ‘நற்போதகம்’ என்னும் இதழில் பகுதி பகுதியாக வந்து, 1894இல் அது நூலாயிற்று. 1900இல் அவர் காலமானார். கிறிஸ்தவர்கள் அவரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்பர். அவருடைய பாடல்கள் சில இன்றும் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் பாடப்படுகின்றன. பாடுகிறவர்களுள் எத்தனைபேர் அப்புலவர் பட்ட தயக்கத்தை அறிவார்கள் என்பது வேறு செய்தி.

இத்தகைய தயக்கம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியில் விக்டோரினுஸ் என்றொரு சொற்கலை ஆசிரியர் இருந்தார். அரசவையோர் பலர் அவர் மாணாக்கர். நகர் மன்றத்தில் அவருக்குச் சிலையே நாட்டப்பட்டிருந்தது. கிறிஸ்தவ நூல்களைப் பயின்று உள்ளத்தில் விசுவாசம் கொண்ட அவர், அதை நண்பரிடம் இரகசியமாகச் சொல்வார். ஆலயத்துக்கு மட்டும் வரமாட்டார். பெருமக்களான நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே காரணம். பின்பு மனம் மாறியபோது, குருமார் தனியறையில் அறிக்கையிடலாம் என்று சலுகை கொடுத்தும் அதை மறுத்து, சபையின் நடுவே மேடையேறிச் சொன்னார். 362இல் ஜூலியன் பேரரசன் கிறிஸ்தவர்கள் ஆசிரியத்தொழில் செய்யலாகாது என்று தடுத்தபோது பள்ளியை விட்டு விலகினார். அகஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலின் எட்டாம் பகுதியில் இவர் வரலாற்றைச் சொல்கிறார். இதைக் கேட்டே தமது தயக்கமும் சுடத் தொடங்கியது என்கிறார்.

இனிக் கிள்ளானுக்குத் திரும்புவோம். வெட்கத்தில் மூன்றாவது ஒரு வகை உண்டு. அது பிறரால் சுமத்தப்படுவது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள், சம்பள உயர்வோடு வேறு இரண்டு இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது ஒன்று. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது மற்றொன்று. வேலைநிறுத்தம் படைபலத்தால் அடக்கப்பட்டது, உயிர்களும் போயின. அதில் ஈடுபட்டவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். ஆயினும் சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோகாதேயும் என்னும் கருத்துள்ள ஜெபத்தை நாள்தோறும் சொல்லும் கிறிஸ்தவன் அக்கோரிக்கைகளைப் படித்தால் சற்றே நின்று சிந்திப்பான். குடிக்காதே என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்தவர் பலர். கடை எதற்கு அங்கே இருந்தது என்று கேட்டவர் சிலரே. சோதனையை எதிர்த்து நில் என்பது ஒரு போதனை. எளியவன் கால்வைக்கும் வழியில் வலையை விரிக்காதே என்பதும் அதே வேதத்தின் போதனை. சிறியவருக்கு இடறல் உண்டாக்குகிறவனைக் குறித்து இயேசு பெருமான் சொன்ன சொற்கள் கடுமையானவை.

சைக்கிளைவிட்டு இறங்குவது நாணமும் அன்று, தாழ்மையும் அன்று. அஃது அவமதிப்பு. கிறிஸ்தவன் அவமானத்தைப் பொறுக்கவேண்டும் என்று சொல்லி அவமதிப்பை நிலைநிறுத்தியவர்கள் வரலாற்றில் உண்டு. வேதம் அவ்வாறு சொல்லவில்லை. சிலுவை ரோமர் காலத்தில் அடிமைகளுக்குரிய மரணம். ஆடையுரித்து, வழிப்போக்கர் பார்க்க, நாணம் கெடுப்பதே அதன் நோக்கம். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இயேசு அந்த அவமானத்தை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்கிறது. அவமானப்படுத்தியவர்களின் மதிப்பீட்டை அவர் ஏற்கவில்லை என்பதே அதன் பொருள். அவர்கள் செய்தது சரி என்பதன்று.

தேவனுடைய ஞானத்தை நம்புதல் என்பதையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளவேண்டும். எல்லாம் அவன் சித்தம் என்று கைகட்டியிருப்பதற்கு அப்பெயரைச் சூட்டுகிறவர்கள் உண்டு. யோபின் கதையைப் படித்தவர்க்கு இது பொருந்தாது என்பது தெரியும். யோபு கேட்டான், வழக்காடினான், தன் பிறந்தநாளையே சபித்தான். இறுதிவரை தன் துன்பத்தின் காரணம் அவனுக்குச் சொல்லப்படவே இல்லை. ஆயினும் அவனைக் குற்றவாளியாக்கித் தேவனுக்காகப் பேசிய நண்பர்களையே தேவன் கடிந்துகொண்டார். நம்புதல் என்பது காரணம் தெரிந்தபின் வருவதன்று. கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவதும் அன்று. கொரிந்து நகர மக்களுக்குப் பவுல் எழுதும்போது, சிலுவையைப் பற்றிய செய்தி கிரேக்கருக்குப் பைத்தியமாய்த் தோன்றுவதை ஒப்புக்கொண்டே பேசுகிறார். சிறைக்குள் கயிற்றுக்கு நுனி கட்டிய பனியனுக்கும் தாம் செய்வது புத்தியான செயலாகத் தோன்றிய நாட்கள் எத்தனையோ, பைத்தியமாகத் தோன்றிய நாட்கள் எத்தனையோ!

எல்லாரும் நிதானியைப் போல நிற்பதில்லை. வெட்கத்துக்குத் தோற்றவன் கதி என்ன என்ற கேள்வி எஞ்சுகிறது. பேதுருவின் கதை அதற்கே எழுதப்பட்டதுபோல் உள்ளது. இயேசு பிடிபட்ட இரவில், ஆயுதந்தாங்கிய கூட்டத்தின் எதிரே வாளை உருவியவர் பேதுரு. அதே இரவில், சில நாழிகைக்குள், வாசல்காத்த ஒரு வேலைக்காரப் பெண் ‘நீயும் அந்த ஆளைச் சேர்ந்தவன்தானே?’ என்ற கருத்தில் கேட்டபோது இல்லையென்று சொல்லிவிட்டார். வாளுக்கு அஞ்சாதவர் குளிர்காய்ந்து நின்றவர்களின் பார்வைக்கு அஞ்சினார். மூன்றுமுறை மறுத்தபின் சேவல் கூவிற்று; வெளியே போய் அழுதார். அதே இரவில் தவறிய யூதாஸ் தன் வெட்கத்தோடு தனியே போய் உயிரை விட்டான். பேதுருவோ மற்றச் சீடர்களிடம் திரும்பிப்போனார். பின்னர் பழைய மீன்பிடி தொழிலுக்கும் போனார்.

யோவான் சுவிசேஷத்தை ஊன்றிப் படிப்பவர் ஒரு சிறு செய்தியைக் காணலாம். பேதுரு மறுதலித்த இரவில் அவர் குளிர்காய்ந்தது கரிநெருப்பு என்று 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அச்சொல் புதிய ஏற்பாட்டு மூலத்தில் இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது. அது 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் மூட்டிவைத்திருந்த நெருப்பு. அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. முதலில் உண்ணச் சொன்னார். உண்டபின், நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். ஏன் மறுத்தாய் என்று கேட்கவில்லை. மற்றவர்கள் முன்னே அந்த இரவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் மூன்றுமுறை கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஆடுகளை மேய்க்கும் வேலை அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது.